வாங்குவோர் கேள்வி-பதில்: செயற்கைக் காலுக்கான சிலிக்கோன் லைனர் (எஞ்சியுள்ள காலின் மேல் மாட்டி, அதன்மேல் செயற்கைக் காலை அணியும் மெத்தென்ற உறை)

கேள்வி: முழங்காலுக்குக் கீழே காலை இழந்த என் தந்தைக்கு, இணையக் கடையில் ‘மீடியம்’ என்று பார்த்து லைனர் வாங்கினேன். காப்பித் தோட்டச் சரிவில் இறங்கும்போது செயற்கைக் கால் கழன்று வருகிறது. லைனரில் குறையா? (ஏற்காடு)

பதில்: குறை பெரும்பாலும் அளவெடுக்காமல் வாங்கிய உங்களிடம்தான். லைனர் பனியன் அன்று. எஞ்சியுள்ள காலின் நுனியிலிருந்து 4 சென்டிமீட்டர் மேலே சுற்றளவு எடுக்கும்படி தயாரிப்பாளர்கள் சிலர் கூறுகிறார்கள். அந்த எண் இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் சிறியதையே எடுக்க வேண்டும். நானும் அளவு பாராமல் ஒரு சிலிக்கோன் குதிகால் பட்டையை வாங்கி ஷூவுக்குள் வைத்து, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதைத் தாண்டுவதற்குள் கொப்புளத்தோடு பேருந்துக்குக் காத்து நின்றவன்தான். எனக்குப் போனது ஒரு காலை நடை. உங்கள் தந்தைக்குத் தோல் புண்ணானால், அது ஆறும்வரை செயற்கைக் காலையே மாட்ட முடியாது.

கேள்வி: லைனரைக் கழுவி மொட்டை மாடி வெயிலில் காயவைக்கலாமா? (அம்மாபேட்டை)

பதில்: கூடாது, நிழலில் காயவையுங்கள்.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அச்செடுக்கும் சிலிக்கோன் ரப்பர் கையிருப்பில் உள்ளது. தம்பியின் காலைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, லைனரை நாங்களே வார்க்கலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: உங்கள் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை; டப்பாவில்தான் ஐயம். ‘எல்லாம் சிலிக்கோன்தானே’ என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அச்செடுக்க மலிவாகக் கிடைப்பவற்றில் பல, தகரச் சேர்மத்தால் இறுகும் வகை. அது இறுகும்போது ஆல்கஹாலை வெளியேற்றிச் சுருங்கும், நாளடைவில் வலுவிழக்கும், நாள் முழுவதும் வியர்க்கும் தோலை ஒட்டியிருக்க ஏற்றதன்று. லைனருக்கு உரியது பிளாட்டினத்தால் இறுகும் மருத்துவத் தர வகை. அதிலும் கந்தகம் கலந்த களிமண்ணோ லேட்டக்ஸ் கையுறையோ பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கலவையிலுள்ள காற்றை வெற்றிடப் பம்பால் உறிஞ்சாவிட்டால் குமிழி நிற்கும். உள்ளச்சு சற்றே ஒரு பக்கம் சாய்ந்தாலும் லைனர் அங்கே மெலிந்து, எலும்பு புடைத்த இடத்தில் புண் வைக்கும். நுனியில் ‘பின்’ பூட்டு (செயற்கைக் காலோடு மாட்டிப் பூட்டும் ஊசி) உள்ள லைனரென்றால், காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலின் எடை அந்தப் பின்னைப் பிடித்து இழுக்கும் என்பதால், அது நீளாதிருக்க அடிப்பகுதியில் துணி வலையைப் பதித்து வார்க்கிறார்கள். 1980களில் இத்தகைய லைனரை உருவாக்கிய ஐஸ்லாந்தின் ஓசுர் கிறிஸ்டின்சன், செயற்கை உறுப்பு வல்லுநர் மட்டுமல்லர், தாமே செயற்கைக் கால் அணிந்தவர். இத்தனை நுணுக்கம் இருப்பதால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற செயற்கை உறுப்பு வல்லுநர் ஒருவர் உடனிருக்க வார்த்தெடுங்கள். ‘மெடிக்கல் கிரேடு’ என்று வாயால் மட்டும் சொல்லும் கடைக்காரரிடம், தோல் தொடர்புச் சோதனைச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளியூர்க் கடையில் 38,000 ரூபாய் கொடுத்து, அவர்களே அளவெடுத்துத் தந்த லைனர் இரண்டே மாதத்தில் கிழிந்துவிட்டது. ‘ஸ்பெஷல் ஆர்டர், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். கையில் துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. (ஆத்தூர்)

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை, ஐயா. ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்த பொருள் என்பதற்காக, குறையுள்ள பொருளை விற்றவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சேலம் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டோடு, பணம் செலுத்திய வங்கிப் பதிவையும் கடைக்காரர் அனுப்பிய செய்திகளையும் நகலெடுத்து வையுங்கள். கிழிந்த லைனரை ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம், அவர்களிடம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். கிழிசல் தெரியும்படி படமெடுத்து, பொருளை உங்களிடமே வைத்திருங்கள்.