கரண்ட் போய் வந்தால் கருப்புத் திரை: உசிலம்பட்டி ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு கேள்வி

உசிலம்பட்டியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்தும் ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கடையில் மூன்று பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் தம்பி மகன் வந்து மூன்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வேலைக்குக் கோயம்புத்தூர் போய்விட்டான். ‘இரண்டு நன்றாக ஓடுகின்றன. மூன்றாவது மட்டும் கரண்ட் போய் வந்தால் கருப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று காட்டி நின்றுவிடுகிறது. வேலை ஓடும்போதே சில சமயம் ஃபைல் சேவ் ஆக மாட்டேன் என்கிறது. யூபிஎஸ் இருக்கிறது, இருந்தும் மூன்றும் அணைந்துவிடுகின்றன. காலையில் ஆன் செய்தால் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இப்படி ஆனால் நான் என்ன செய்வேன்? பேசாமல் விண்டோஸுக்கே திரும்பிவிடட்டுமா?’ என்று கேட்கிறார்.

திரும்ப வேண்டாம் அக்கா. ஒரே மீட்டரிலிருந்து வரும் கரண்ட், ஒரே பென் டிரைவிலிருந்து போட்ட லினக்ஸ், மூன்றும் ஒரே நொடியில்தான் அணைகின்றன. அதில் இரண்டு தானாக எழுந்துவிடுகின்றன, ஒன்று மட்டும் படுத்துக்கொள்கிறது என்றால் கோளாறு அந்த ஒன்றுக்குள் இருக்கிறது. அதில் எதைப் போட்டாலும் அந்தக் கோளாறு அங்கேயேதான் இருக்கும். லினக்ஸில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: நிற்கும்போது ஏன் நிற்கிறேன் என்று திரையிலேயே எழுதிவிட்டு நிற்கும். கருப்புத் திரையைப் பார்த்ததும் பயந்து பவர் பட்டனை அழுத்திவிடுவதால் அதை யாரும் படிப்பதில்லை. அடுத்த முறை அணைக்காமல் முதலில் போனில் ஒரு போட்டோ எடுங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் என்பது டிஸ்க்கைத் திறக்கும் முன் லினக்ஸ் ஏறி நிற்கும் முதல் படி. அதைத் தாண்ட முடியாததற்குக் காரணமாக அந்தப் போட்டோவில் இரண்டில் ஒன்று இருக்கும். ‘அலர்ட்’ என்று தொடங்கி, யூயூஐடி என்று ஒரு நீளமான எண்ணைக் காட்டி, ‘டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று முடிந்தால், சிஸ்டத்துக்கு ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் சாட்டா கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மறுபடி அழுத்திப் போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் பேப்பர் தூசியும் டோனர் தூசியும் உள்ளே எவ்வளவு படியும் என்று உங்களுக்கே தெரியும், அதையும் அப்போதே துடைத்துவிடலாம்.

‘அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி’ என்றும், எஃப்எஸ்சிகேயை (டிஸ்க்கில் இருக்கும் கணக்கைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை) கையால் ஓட்டு என்றும் எழுதியிருந்தால் அது வேறு கதை; நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இதுவாகத்தான் இருக்கும். டிஸ்க் தெரிகிறது, ஆனால் அதில் இருக்கும் கணக்கு ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதிலிருந்து வெளியே வரும் வழியைப் போனில் சொல்வதுபோல் எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன், எல்லாம் ஆங்கிலத்தில் சின்ன எழுத்து. எஃப், எஸ், சி, கே, ஒரு ஸ்பேஸ், ஒரு மைனஸ் குறி, அதை ஒட்டி ஒய், மறுபடி ஒரு ஸ்பேஸ், அப்புறம் திரையில் காட்டியிருக்கும் டிஸ்க் பெயரை அப்படியே. அந்தப் பெயர் ஸ்லாஷ், டி ஈ வி, ஸ்லாஷ், எஸ் டி ஏ, 2 என்பதுபோல் இருக்கும், கடைசி எண் மாறலாம். பெயர் தெரியவில்லையென்றால் எக்ஸிட் என்று அடித்து என்டர் கொடுங்கள், அதே செய்தி பெயரோடு திரும்ப வரும். எஃப்எஸ்சிகே ஓடி முடித்ததும் மறுபடி எக்ஸிட் அடித்தால் வழக்கம்போல் பூட் ஆகும்.

ஆனால் இதை மூன்றாவது முறை, நாலாவது முறை செய்யும் நிலை வந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டினால் இருப்பதும் கலைந்துபோக வாய்ப்பு உண்டு. முதலில் ஃபைல்களை வெளியே எடுக்க வேண்டும். தம்பி மகன் மின்ட் போட்ட பென் டிரைவ் கடையில் இருந்தால் அதிலிருந்தே பூட் செய்து, இன்ஸ்டால் பட்டனைத் தொடாமல், ஃபைல் மேனேஜரில் பழைய டிஸ்க்கைத் திறந்து, ஹோம் ஃபோல்டரை வேறொரு டிரைவுக்குக் காப்பி செய்துவிடுங்கள். அனுமதி இல்லை என்று சொன்னால் ரைட் கிளிக்கில் ‘ஓப்பன் ஆஸ் ரூட்’ இருக்கும்.

ஏன் டிஸ்க்கைச் சந்தேகப்படுகிறேன் என்று சொல்ல வேண்டும். மின்ட் வழக்கமாகப் போடும் ஃபைல் சிஸ்டத்தின் பெயர் எக்ஸ்ட்4. அதில் ஜர்னல் என்று ஒன்று உண்டு, நம் ஊர் மளிகைக் கடையில் வரவு செலவை முதலில் சிட்டையில் எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவார்களே, அதே முறை. பேரேட்டில் ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனாலும் சிட்டையைப் பார்த்து மீதியை முடித்துக்கொள்ளும், ஆன் ஆகும்போது சில நொடிகளில் இந்த வேலை நடந்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. மற்ற இரண்டு சிஸ்டமும் தினமும் இப்படித்தான் பிழைத்துக்கொள்கின்றன. சிட்டையில் ஏறுவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்குதான், கடிதத்துக்குள் நீங்கள் அடித்த வரிகள் இல்லை. அதுவும் சாதாரணமாக 5 நொடிக்கு ஒரு முறைதான் ஏறும். அதனால் கடைசியாக அடித்தது போகலாம், ஆனால் சிஸ்டமே எழாமல் போவது அடிக்கடி நடக்கக் கூடாது. நடக்கிறது என்றால் எழுதியது எழுதிய இடத்தில் நிற்கவில்லை. ஓடும்போதே சேவ் ஆகாமல் போவதாகச் சொன்னீர்களே, அதுவும் இங்கேதான் கொண்டுபோய் விடுகிறது: டிஸ்க்கில் தப்பைக் கண்டால் மேற்கொண்டு கெடுக்க வேண்டாம் என்று லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும் விட்டு, எழுத விடாமல் பூட்டிவிடும்.

இதை உறுதி செய்ய ஐந்து நிமிடம் போதும். மின்ட் மெனுவில் டிஸ்க்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் டேட்டா என்பதைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் பட்டியல் வரும். ஓரத்தில் இருக்கும் எண்களில் 5, 197, 198, 199 நான்கை மட்டும் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் ஒதுக்கி வைத்து மாற்று இடம் கொடுத்த செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள், 198 கைவிட்டவை. ஆரோக்கியமான டிஸ்க்கில் இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்கும். 197இல் பூஜ்யம் இல்லாமல் எந்த எண் இருந்தாலும் நான் அந்த டிஸ்க்கில் ஒரு நாள் வேலைகூட நம்பிச் செய்ய மாட்டேன், மாற்றிவிடுவேன். கேபிள் வழியில் வரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, மற்றது பூஜ்யம் என்றால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, கேபிள்தான் சரியில்லை, மலிவான வேலை. எஸ்எஸ்டியாக இருந்தால் பட்டியல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேலே காட்டும் மொத்த மதிப்பீட்டையும் பாருங்கள். டிஸ்க் மாற்றுவதாக இருந்தால் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும், உங்கள் கடை வேலைக்கு அதுவே தாராளம், வேகமும் கூடும்.

சரி, இப்போது யூபிஎஸ். மேலூர்ப் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் இதே புகாரோடு என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பட்டா பிரிண்ட் கேட்டார், லேசர் பிரிண்டர் உறுமிக்கொண்டு சூடேறியது, அந்த நொடியில் மேசைக்குக் கீழே யூபிஎஸ் ‘கீ’ என்று கத்தியது. பிரிண்டரின் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால் அதுவும் யூபிஎஸ்ஸில்தான் செருகியிருக்கிறது. லேசர் பிரிண்டர் டோனரைத் தாளில் சுட்டு ஒட்ட வைப்பதற்கு உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு, அது சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். கடைகளில் சாதாரணமாக வாங்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். கரண்ட் இருக்கும்போது எப்படியோ சமாளித்துவிடும்; கரண்ட் போகும் நேரத்தில் பிரிண்டரும் ஓடிக்கொண்டிருந்தால் ஓவர்லோடு ஆகி மொத்தமும் அணைந்துவிடும். உங்கள் கடையிலும் முதலில் இதைப் பாருங்கள். பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின் இரண்டும் நேராகச் சுவர் பிளக்கில்தான் இருக்க வேண்டும். சிஸ்டமும் மானிட்டரும், முடிந்தால் இன்டர்நெட் மோடமும் மட்டும் யூபிஎஸ்ஸில். மூன்று டெஸ்க்டாப்பை ஒரே 600 விஏவில் மாட்டியிருந்தால் அதுவும் தாங்காது.

பிரிண்டர் தனியாக இருந்தும் அணைகிறது என்றால் பேட்டரி முடிந்துவிட்டது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி. இந்த வகை பேட்டரிக்கு 25 டிகிரி வெப்பம்தான் இதம். அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகக் குறையும். நம் பக்கம் சித்திரை வெயிலில் மேசைக்கு அடியில், சுவரோரம், சிபியூ விடும் அனலில் அது வெந்துகொண்டிருக்கும், இரண்டு வருடம் தாண்டினாலே பெரிய விஷயம். சோதிக்கக் கம்ப்யூட்டரை வைத்துப் பார்க்காதீர்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரோடு யூபிஎஸ்ஸில் செருகி எரியவிட்டு, சுவரில் சுவிட்சை அணையுங்கள். பல்பு பத்து நிமிடத்துக்கு மேல் எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஒரு நிமிடத்தில் போனால் யூபிஎஸ்ஸை மாற்ற வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். யூபிஎஸ்ஸுக்குப் பதிலாகக் கடையில் இன்வெர்ட்டர் இருந்தால், பல மாடல்களில் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். மற்ற நிலையில் ஃபேனும் லைட்டும் தாங்கும், ஆனால் மாறும் அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து எழும்.

அடுத்த முறை யூபிஎஸ் வாங்கும்போது பின்னால் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம், பேட்டரி குறைந்ததும் லினக்ஸ் தன்னைத்தானே ஒழுங்காக அணைத்துக்கொள்ளும்படி செய்யலாம். தம்பி மகன் போனிலேயே வழிகாட்டி முடித்துவிடுவான்.

எஃப்1 விஷயம் இதில் சேராத தனிக் கோளாறு. மதர்போர்டில் கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் தட்டையாக வெள்ளியாய் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று மேலேயே பொறித்திருக்கும். அது தீர்ந்துவிட்டால், மெயின் சுவிட்சை அணைத்ததும் தேதி, நேரம், எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆவது என்ற அமைப்பு எல்லாம் மறந்துபோகும். தேதி தப்பாக இருந்தால் அப்டேட் வராது, வெப்சைட்டுகள் பாதுகாப்பில்லை என்று மிரட்டும். வாட்ச் ரிப்பேர் கடையில் கேட்டாலே கிடைக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு நகத்தால் நெம்பி எடுத்துப் புதிதைப் போடுங்கள், பிளஸ் குறி மேலே பார்த்திருக்க வேண்டும், பிறகு ஒரு முறை பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) தேதியைச் சரி செய்யுங்கள். நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தள்ளிக் காட்டினால் அது பேட்டரி இல்லை. ஒரே சிஸ்டத்தில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும்போது ஒன்று இந்திய நேரத்தையும் மற்றது உலக நேரத்தையும் கடிகாரத்தில் எழுதுவதால் வருவது.

ஒரு பெரிய ஏமாற்றத்திலிருந்து உங்களைக் காப்பாற்ற இதையும் சொல்லிவிடுகிறேன். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று பிரதி எடுக்கும் செயலி ஓடுகிறது, அதனால் பேக்கப் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது சிஸ்டம் ஃபைல்களைத்தான் எடுக்கும், உங்கள் ஹோம் ஃபோல்டரை நீங்களாகச் சொன்னால் தவிர தொடாது. வாடிக்கையாளரின் கடிதங்கள், பத்திர நகல்கள், கல்யாணப் பத்திரிகை வேலை எல்லாம் இருப்பது ஹோமில்தான். தினமும் கடை சாத்தும் முன் அந்த ஃபோல்டரை ஒரு வெளி டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள், காப்பி முடிந்ததும் டிரைவைக் கழற்றி மேசை டிராயரில் வையுங்கள், செருகியபடியே விட்டால் இடி மின்னலில் இரண்டும் சேர்ந்தே போகும். லிப்ரே ஆஃபீஸில் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸுக்குப் போய், லோட்/சேவ் பகுதியில் ஆட்டோ ரெகவரி நேரத்தை 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

எஃப்எஸ்சிகேயைத் தானாகவே ஓடும்படி வைக்க முடியாதா என்று தம்பி மகன் கேட்பான். முடியும், லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற மென்பொருளின் அமைப்பில் ‘எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ்’ என்று சேர்த்து அப்டேட்-கிரப் கொடுத்தால் கேட்காமலே சரி செய்துகொள்ளும். நல்ல இரண்டு சிஸ்டத்திலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், உங்களுக்கு நிம்மதி. மூன்றாவதில் மட்டும் டிஸ்க்கைச் சோதித்து முடிக்கும்வரை வேண்டாம். அது நின்று கத்துவதால்தான் நமக்குத் தெரிகிறது, வாயைக் கட்டிவிட்டால் ஒரு நாள் மொத்தமாகப் போகும்போதுதான் தெரியும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று உசிலம்பட்டிக்கு மின்தடை அறிவிக்கும் நாள் இந்த வேலைக்கெல்லாம் நல்ல நாள். முந்தின நாள் மாலையே ஃபைல்களை வெளியே எடுத்து ஸ்மார்ட் எண்களையும் போட்டோ எடுத்துவிடுங்கள். கரண்ட் இல்லாத பகலில் பெட்டியைத் திறந்து கேபிள், பேட்டரி, தூசி மூன்றையும் பாருங்கள். கரண்ட் வந்து யூபிஎஸ் முழுதாகச் சார்ஜ் ஆனபிறகு பல்பு சோதனை. 197க்கும் 199க்கும் நேரே என்ன எண் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள் அக்கா, டிஸ்க் வாங்குவதா கேபிள் வாங்குவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.