ஒசாகா பயணத்தில் ஒரு நாளை ஒதுக்கி, குடும்பத்தோடு ஷிமானாமி கைடோ கடலோரப் பாதையைச் சைக்கிளில் கடக்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: நாற்பதைக் கடந்த கணவன் மனைவி, 13 வயது மகள், 66 வயது அப்பா ஆகிய நால்வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் ஒசாகா செல்லவிருக்கிறீர்கள். அதில் ஒரு நாளில் ஓனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை சைக்கிளில் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். வார இறுதிகளில் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஓட்டும் பழக்கம் உண்டு, வெளிநாட்டில் ஓட்டியதில்லை.

முடியும், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்பதே என் பதில். ஒரு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் ஒதுக்குங்கள். ஜூனுக்குப் பதிலாக நவம்பர் கடைசி வாரத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் எளியவை.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவையும் ஷிகோக்குவையும் இணைக்கும் மூன்று பால வழிகளில், சைக்கிளில் முழுவதும் கடக்கக்கூடியது இது ஒன்றுதான். ஹொன்ஷு பக்கம் ஓனோமிச்சி, ஷிகோக்கு பக்கம் இமாபாரி. இடையே முகாய்ஷிமா, இன்னோஷிமா, இகுச்சிஜிமா, ஓமிஷிமா, ஹகதாஜிமா, ஓஷிமா என்று ஆறு தீவுகள். மொத்தத் தொலைவு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 1979இல் ஓமிஷிமா பாலமும் 1983இல் இன்னோஷிமா பாலமும் திறக்கப்பட்டன. 1999 மே மாதத்தில் தத்தாரா பாலமும் குருஷிமா நீரிணைப் பாலங்களும் திறக்கப்பட்டபோது வழி முழுமையடைந்தது. சாலையோரத்தில் நீலக் கோடு ஒன்று தொடர்ந்து வரையப்பட்டிருக்கிறது. எஞ்சிய தொலைவையும் அந்தக் கோட்டின் அருகிலேயே எழுதியிருப்பதால், வழி தவறும் அச்சம் வேண்டியதில்லை. ஜப்பானிலும் நம் ஊரைப் போலவே இடப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். முதல் வெளிநாட்டுச் சைக்கிள் பயணத்துக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு ஏன் ஒரே நாளில் வேண்டாம் என்கிறேன்? கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் 70 கிலோமீட்டர் ஓட்டுவதும் இங்கே 70 கிலோமீட்டர் ஓட்டுவதும் ஒன்றல்ல. கப்பல்கள் அடியில் செல்ல வேண்டும் என்பதற்காகப் பாலங்கள் கடலுக்கு மிக உயரத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பாலத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து ஏறி, மறுபக்கம் மீண்டும் இறங்க வேண்டும். சைக்கிளோட்டிகளுக்கென்று தனியாக வளைந்து வளைந்து செல்லும் ஏற்றப் பாதைகளை மூன்று விழுக்காடு அளவிலான மென்சரிவில் அமைத்திருப்பதால் ஓர் ஏற்றம் யாரையும் வருத்தாது. ஆனால் ஒரே நாளில் அத்தனை பாலங்களுக்கும் ஏறுவது உங்கள் அப்பாவுக்கும் மகளுக்கும் கடினம். அதுகூட இரண்டாவது காரணம்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் இந்தக் கடற்கரையைப் பார்க்க முடியாது என்பதே முதற்காரணம்.

ஒன்றிரண்டு இடங்களைச் சொல்கிறேன். இன்னோஷிமா பாலத்தில் சைக்கிள்கள் மேல்தளத்தில் செல்வதில்லை. கார்கள் ஓடும் தளத்துக்குக் கீழே, எஃகுச் சட்டங்களுக்கு நடுவே ஒரு நீண்ட கூடம்போல் அமைந்த பாதையில் செல்கின்றன. தலைக்குமேல் வண்டிகள் கடக்கும் அதிர்வு கைப்பிடி வரை இறங்கும். பக்கவாட்டுக் கம்பிவலை வழியாகக் கடல் தெரியும். இகுச்சிஜிமாவையும் ஓமிஷிமாவையும் இணைக்கும் தத்தாரா பாலம் திறக்கப்பட்டபோது, 890 மீட்டர் நடு இடைவெளியுடன் உலகின் மிக நீளமான கம்பிவடத் தாங்கு பாலமாக இருந்தது. அதன் கோபுரத்தின் அடியில் நின்று கை தட்டினால், ஒலி இரு தூண்களுக்கும் இடையே மோதி மோதி மேலேறிச் செல்வதைக் கேட்கலாம். தட்டிப் பார்ப்பதற்கென்றே மரக்கட்டைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். 13 வயதுப் பிள்ளை அந்த இடத்தை ஐந்து நிமிடத்தில் விட்டு வராது. வர வேண்டிய தேவையும் இருக்கக் கூடாது.

ஆகவே என் திட்டம் இப்படி இருக்கும். முதல் நாள் ஓனோமிச்சியிலிருந்து இகுச்சிஜிமாவின் செத்தோடா வரை, சுமார் 30 கிலோமீட்டர். ஓனோமிச்சியிலிருந்து முகாய்ஷிமாவுக்குப் பாலம் உண்டு என்றாலும் அது குறுகலானது, போக்குவரத்து மிகுந்தது. எல்லாரும் செய்வதுபோல் சில நிமிடங்களில் அக்கரை சேர்க்கும் படகில் சைக்கிளோடு ஏறிவிடுங்கள். செத்தோடாவில் தங்குவதற்கு விடுதிகளும், பார்ப்பதற்கு கோசான்ஜி கோயிலும், மாலையில் உட்காருவதற்கு மேற்கு நோக்கிய கடற்கரையும் இருக்கின்றன. இரண்டாம் நாள் தத்தாரா பாலத்தைக் கடந்து, ஓமிஷிமாவில் வழியிலிருந்து விலகி மிகப் பழமையான ஓயாமாசுமி ஆலயத்தைப் பார்த்துவிட்டு, ஹகதாஜிமா வழியாக ஓஷிமாவை அடையுங்கள். மூன்றாம் நாள் ஓஷிமாவிலிருந்து இமாபாரிக்கு. தொலைவைப் பார்த்தால் கடைசி நாள் மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் ஓஷிமாவில் சாலை கடலோரத்தை விட்டு விலகித் தீவின் நடுவே மேட்டில் ஏறுகிறது. அதன்பின் நான்கு கிலோமீட்டர் நீளமான குருஷிமா பாலங்கள் காத்திருக்கின்றன. தொடர்ச்சியாக நிற்கும் மூன்று தொங்கு பாலங்கள் அவை. கீழே உள்ள நீரிணையில் ஓதநீர் ஆறுபோல் பாய்ந்து சுழிப்பதை மேலிருந்து தெளிவாகக் காணலாம். அந்தப் பாலத்தைக் காலையில், களைப்பில்லாத கால்களோடு கடக்க வேண்டும் என்பதற்காகவே முந்தைய இரவை ஓஷிமாவில் வைக்கச் சொல்கிறேன்.

பருவத்தைப் பற்றி. இந்தத் தீவுகள் இருக்கும் செத்தோ உள்நாட்டுக் கடலுக்கு வடக்கிலும் தெற்கிலும் மலைகள் நின்று மழைக்காற்றைத் தடுப்பதால், ஜப்பானின் பிற பகுதிகளைவிட இங்கே மழை குறைவு. ஆயினும் ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரையிலான மழைக்காலத்திலிருந்து இந்தப் பகுதியும் தப்புவதில்லை. நம் ஜூன் விடுமுறை அப்படியே அதற்குள் விழுகிறது. செப்டம்பரின் ஒரு வார விடுமுறை சூறாவளிப் பருவத்தில் வருகிறது. மார்ச் விடுமுறையில் வரலாம், ஆனால் குளிர் விட்டிருக்காது, பூக்களும் பெரும்பாலும் மலர்ந்திருக்காது. நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பள்ளிகள் மூடியவுடன் புறப்படுவதே நமக்கு வாய்த்த நல்ல வேளை. பகலில் 15 பாகை அளவிலான இதமான குளிர், மலைச்சரிவுகளில் செந்நிற இலைகள், தோட்டங்களில் ஆரஞ்சும் எலுமிச்சையும் பறிக்கும் காலம். இகுச்சிஜிமா எலுமிச்சைக்குப் பெயர்போன தீவு. சாலையோரத்தில் ஆளில்லாத சிறு மரத்தட்டிகளில் பழங்களை வலைப்பையில் கட்டி வைத்து, பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பெட்டியையும் வைத்திருப்பார்கள். சில்லறையாக நூறு யென் நாணயங்களைக் கையில் வைத்திருங்கள்.

நவம்பரில் வருவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று சூரிய மறைவு. ஆண்டு முழுவதும் ஏழு மணிக்கு இருட்டும் ஊரில் வாழ்ந்து பழகிய நமக்கு, மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பது கணக்கில் வராமலே போய்விடும். நாளின் ஓட்டத்தை மூன்றரை மணிக்குள் முடித்துக்கொள்ளும்படி திட்டமிடுங்கள். மறைந்த பத்தே நிமிடத்தில் கடற்காற்றின் குளிர் விரல்களைப் பிடித்துக்கொள்ளும். முழுக் கையுறையும், காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடையும் நால்வருக்கும் வேண்டும். தடித்த கம்பளிச் சட்டை வேண்டாம், பாலம் ஏறும்போது வியர்வையில் நனைந்து இறங்கும்போது நடுங்க வைக்கும்.

சைக்கிளை இங்கிருந்து எடுத்துச் செல்ல வேண்டாம். ஜப்பானிய ரயில்களில் சைக்கிளைக் கழற்றியோ மடித்தோ உறைப்பைக்குள் வைத்தால்தான் ஏற்றுவார்கள். நான்கு சைக்கிள்களோடும் ஒரு பிள்ளையோடும் அந்த வேலை விடுமுறையாக இருக்காது. வழிநெடுகிலும் வாடகை நிலையங்கள் உண்டு. ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் திருப்பிக் கொடுக்கும் வசதி பொதுவாக இருக்கிறது. சிறுவர் சைக்கிள்களும் கிடைக்கும். அப்பாவுக்கு மின்விசை உதவியுள்ள சைக்கிளைத் தயங்காமல் எடுங்கள். ஆனால் அந்த வகைக்கு வேறிடத்தில் திருப்பிக் கொடுக்கும் விதி மாறுபடலாம் என்பதால், முன்பதிவு செய்யும்போதே இமாபாரியில் விட முடியுமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த ஒரு விடையைப் பொறுத்துத்தான் உங்கள் திட்டம் ஒருவழிப் பயணமா, சென்று திரும்பும் பயணமா என்பது முடிவாகும். எனவே விமானச்சீட்டுக்கு அடுத்து இதைச் செய்யுங்கள். பெரிய பெட்டிகளை ஓனோமிச்சி விடுதியிலிருந்தே இமாபாரி விடுதிக்கு அனுப்பிவிடலாம். பெட்டிகளை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் சேவை ஜப்பானில் மிக நம்பகமானது. இரண்டு இரவுக்கான துணியை ஆளுக்கொரு சிறு முதுகுப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே செய்ய வேண்டிய பயிற்சி எது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே நாளில் நெடுந்தொலைவு ஓட்டிப் பழகுவதைவிட அடுத்தடுத்த நாள்களில் ஓட்டிப் பழகுவதே முக்கியம். சனிக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலிருந்து சாங்கி வரை சென்று திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து மீண்டும் அதே வழியில் பாதித் தொலைவாவது ஓட்டுங்கள். இருக்கையில் உட்காரும் இடமும் மணிக்கட்டும் இரண்டாம் நாளில்தான் தங்கள் உண்மையான நிலையைச் சொல்லும். ஏற்றத்துக்குப் பேபர் மலைச் சாலை போதும். அங்கே பற்சக்கரத்தை மாற்றி மெதுவாக ஏற மகள் பழகிவிட்டால், ஷிமானாமியின் மென்சரிவுகள் அவருக்கு எளிதாகவே இருக்கும். அப்பா ஏதேனும் மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

சாலை விதிகளில் இரண்டை நினைவில் வையுங்கள். அங்கே இருவர் அருகருகே இணையாக ஓட்டக் கூடாது, வரிசையாகத்தான் செல்ல வேண்டும். ஓட்டும்போது கைப்பேசியைப் பிடிப்பதற்கான தண்டனையை 2024 நவம்பரில் கடுமையாக்கியிருக்கிறார்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள். தலைக்கவசத்தை வாடகை நிலையத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூன்று நாள் தீவில் இருப்பவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய செய்தி அது. ஓனோமிச்சியின் ராமென் எனும் நூடுல்ஸ் சூப் புகழ்பெற்றது. அதன் சாற்றில் பன்றிக் கொழுப்பு மிதக்கும். காய்கறி மட்டுமே போட்ட உடோன் எனும் தடித்த நூடுல்ஸாக இருந்தாலும் சாறு பெரும்பாலும் மீனில் செய்ததாகவே இருக்கும். வீட்டில் யாரேனும் சைவம் என்றால், விடுதியில் இரவு உணவோடு அறை பதிவு செய்யும்போதே மீன்சாறும் கூடாது என்று தெளிவாக எழுதிச் சொல்லுங்கள். தீவுகளில் உணவகங்கள் குறைவு, மாலையில் சீக்கிரமே மூடிவிடும். எனவே இரவு உணவை விடுதியிலேயே ஏற்பாடு செய்வது நல்லது. வழியிலுள்ள மினி மார்ட்டுகளில் சூடாக்கித் தரும் வெறும் சோறு கிடைக்கும். வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒரு சிறு போத்தல் பெட்டியில் இருந்தால், கடலைப் பார்த்தபடி புளிச்சோறு சாப்பிடலாம். எங்கள் வீட்டில் பெரியவர்களை அழைத்துச் செல்லும்போது இதை விடுவதே இல்லை. இறைச்சி கலந்த எந்தப் பொருளையும் மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஜப்பானில் அதற்கு அனுமதி கிடையாது.

அப்பாவால் இடையில் தொடர முடியாமல் போனால் என்ன செய்வது என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். செத்தோடாவிலிருந்து ஓனோமிச்சிக்கும் மிஹாராவுக்கும் படகுகள் செல்கின்றன. தீவுகளை இணைத்துப் பேருந்துகளும் ஓடுகின்றன. ஆகவே முதல் நாள் இரவில் அவருடைய கால்களையும் முகத்தையும் பார்த்து முடிவெடுங்கள். தேவையென்றால் அவர் செத்தோடாவில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு, உங்களில் ஒருவரோடு பேருந்தில் ஓஷிமாவுக்கோ இமாபாரிக்கோ வந்துவிடலாம். இந்த வாய்ப்பைப் புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். தம்மால் பயணம் நின்றுவிடுமோ என்று எண்ணிப் பெரியவர்கள் வலியை மறைப்பார்கள். நிற்காது என்று தெரிந்தால் வாய்விட்டுச் சொல்வார்கள்.

போய்வரும் வழி எளிது. ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஃபுகுயாமா. அங்கிருந்து சாதாரண ரயிலில் இருபது நிமிடத்தில் ஓனோமிச்சி. முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, இரவு தங்கி, காலையில் ஓட்டத் தொடங்குங்கள். பயணம் முடிந்ததும் இமாபாரியிலிருந்து ஷியோகாசே விரைவு ரயிலில் ஒகயாமா சென்று, அங்கே ஷின்கான்சென்னுக்கு மாறினால் அன்று இரவே ஒசாகாவில் இருக்கலாம். ஜூன் பயணச்சீட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், இந்த முறை ஒசாகாவோடு நிறுத்திக்கொண்டு ஷிமானாமியை ஆண்டிறுதிக்குத் தள்ளிவையுங்கள்.