வைகை அணைக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர்?

கேள்வி: சின்ன ஃபைபர் படகில் வைகை அணையில் தங்கூசி வலை விடுகிறேன். தண்ணீருக்குள் மீன் இருக்குமிடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாம் என்று விசாரித்தால், ஆயிரம் அடி ஆழம்வரை காட்டும் கருவிதான் நல்லது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? ஊர்க் கண்மாய்க்கும் உதவுமா?
- ஆண்டிபட்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஆயிரம் அடி உங்களுக்கு எதற்கு? வைகை அணை நிரம்பினாலே 71 அடிதான். ஆழமும், வாட் கணக்கில் சொல்லும் சக்தியும் கடலுக்குப் போகிறவர்களின் கவலை. நீங்கள் பார்க்க வேண்டியது அகலம்.

படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. அந்த ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும். 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பு பெரும்பாலும் 20 டிகிரிக்குள் அடங்கும். 30 அடி ஆழத்தில் பத்தடி வட்டம்தான் தெரியும். 83 கிலோஹெர்ட்ஸில் 60 டிகிரி கிடைத்தால் அதே ஆழத்தில் 35 அடி வட்டம். ஆகவே இரண்டு அலைவரிசையும் உள்ளதாக, ஒலியின் அலைவரிசையை மாற்றிக்கொண்டே அனுப்பும் சிர்ப் (CHIRP) வசதியோடு வாங்குங்கள். நெருங்கி நிற்கும் இரண்டு மீன்களை ஒரே திட்டாகக் காட்டாமல் பிரித்துக் காட்டுவது சிர்ப்தான். பக்கவாட்டில் பார்க்கும் சோனாருக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஜிபிஎஸ் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 போன்ற சின்னக் கருவியிலேயே அது இருக்கிறது. வலைக்காரருக்கு மீனைவிடத் தரை முக்கியம். வலையைக் கிழிக்கும் மூழ்கிய மரக்கட்டை எங்கே, பழைய ஆற்றுப் பள்ளம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒருமுறை சுற்றிக் குறித்து வைத்துவிட்டால், கருவிக்குக் கொடுத்த காசு அதிலேயே திரும்பிவிடும். அணை மட்டம் ஏறி இறங்கும்போது ஆழத்தின் எண் மாறும். கட்டை இருக்கும் இடம் மாறாது.

புதிதாக வாங்குகிற எல்லோரும் தடுமாறுவது திரையில்தான். அதில் தெரிவது படகுக்கு அடியிலுள்ள குளத்தின் படம் இல்லை. வலது ஓரத்தில் இருப்பது மட்டுமே இந்த நொடி. இடப்பக்கம் உள்ளதெல்லாம் கடந்துபோன நேரம். படகு நகரும்போது கூம்புக்குள் புகுந்து வெளியேறும் மீன் வில்லாக வளைந்து தெரியும். படகை நிறுத்திவிட்டால் அடியில் நிற்கும் ஒரே மீன் நீண்ட கோடாகிவிடும். அதைக் கூட்டம் என்று எண்ணி வலையை இறக்காதீர்கள். எதிரொலியைப் பெரிதும் தருவது மீனின் காற்றுப்பை. காற்றுக் குமிழும் பாசியும்கூட எதிரொலி தரும். கருவி அவற்றுக்கும் அழகாக மீன் பொம்மை போட்டுக் காட்டும். வாங்கிய அன்றே அந்தப் பொம்மை வசதியை நிறுத்திவிடுங்கள். வில்கள் எந்த ஆழத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். வலையின் உயரத்தை அதற்கேற்ப வையுங்கள். புது வெள்ளம் வந்து தண்ணீர் கலங்கலாக இருக்கும்போது திரையெங்கும் புள்ளி விழுந்தால் சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறனை) கொஞ்சம் குறைத்தால் போதும்.

கண்மாய்க்கு வேண்டவே வேண்டாம். ஆறடித் தண்ணீரில் 20 டிகிரிக் கூம்பு இரண்டடி அகலம்தான் பார்க்கும். அதற்குள் படகின் சத்தத்துக்கே மீன் விலகியிருக்கும். அங்கே நீட்டுக்கம்பு போதும். பரிசலில் போகிறவர்களுக்கு, கயிற்றில் மிதக்கவிட்டு செல்போனில் பார்க்கும் வகை சரிவரும். வெயிலில் போன் திரை மங்கலாகத்தான் தெரியும்.

டிரான்ஸ்டியூசரைப் படகின் பின்பலகையில், இன்ஜின் விசிறியிலிருந்து தள்ளி, ஓடும்போதும் தண்ணீருக்குள் முழுகி இருக்கும்படி பொருத்துங்கள். குமிழ் அடித்தால் படம் அறுந்து அறுந்து வரும். பின்பலகையில் துளை போட மனமில்லை என்றால் உள்பக்கமே எப்பாக்ஸியால் ஒட்டலாம்; ஆனால் அந்த இடத்தில் ஃபைபர் கெட்டியாக இருக்க வேண்டும், நடுவில் ஃபோம் இருக்கக் கூடாது. அப்படி உள்ளே ஒட்டினால் தண்ணீரின் சூட்டை மட்டும் சரியாகக் காட்டாது. மின்சாரத்துக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று சின்னத் திரைக்கு ஒரு பகல் முழுக்கத் தாங்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, கருவியின் கையேட்டில் சொன்ன அளவில், ஃபியூஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.