சூரிய வெடிப்பு தெரியவில்லை என்றால் தொலைநோக்கி பழுதா?

உங்கள் 70 மி.மீ. தொலைநோக்கியில் எந்தக் குறையும் இல்லை. சூரியனின் கரும்புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன, மிக வலிமையான எக்ஸ் வகை வெடிப்பு நடந்ததாகச் செய்தி வந்த நேரத்தில் மட்டும் எதுவும் தெரியவில்லை என்கிறீர்கள். எல்லா நிறங்களையும் சேர்த்தே மங்கச் செய்யும் உங்கள் வெண்ணொளி வடிகட்டியில் அப்படித்தான் இருக்கும்.

வெடிப்பு கண்ணுக்குப் புலப்படுவது பெரும்பாலும் சூரியனின் ஒளிரும் மேற்பரப்புக்கு மேலுள்ள நிறமண்டலம் என்ற அடுக்கிலிருந்து வரும் 656.3 நானோமீட்டர் சிவப்பு நிறத்தில்தான். அதைப் பிரித்துக் காட்ட, அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விடும் எச்-ஆல்ஃபா தொலைநோக்கி வேண்டும். விலை கையைக் கடிக்கும். வெண்ணொளியில் தெரிபவை மிக அரிது. 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் திரையில் விழுந்த சூரிய பிம்பத்தில் அப்படி ஒன்றைக் கண்டார். சாட்சிக்கு ஆள் அழைத்து வர ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பியபோதே அது மங்கியிருந்தது. நீங்கள் செய்தி படித்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினால் என்ன மிஞ்சும்?

வெடிப்புகளைக் காட்டும், கோஸ் என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பகலில் அதையும் பாருங்கள், புள்ளிக் கூட்டங்களை நாள்தோறும் வரையுங்கள். வேகமாக உருமாறும் சிக்கலான கூட்டங்களில்தான் பெரிய வெடிப்புகள் அதிகம். சூரியன் சுழல்வதால் ஒரு கூட்டம் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஓரத்தைத் தாண்டி மறைந்துவிடும். தரை சூடாகுமுன், காலையில் பார்த்தால் பிம்பம் அதிகம் நடுங்காது.

வடிகட்டியை எங்கே பொருத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே! கண்ணருகு வில்லையில் திருகும் வகை என்றால் இன்றே தூக்கி எறியுங்கள். வெப்பத்தில் விரிசல் விட்டால் கண் போய்விடும். குழாயின் முன்வாயை மூடும் வடிகட்டிதான் சரி. குழாயின் மேல் உள்ள சிறிய குறிநோக்கியையும் மூடிவையுங்கள்.