பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார். சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் மனுவைப் பொறுத்துத்தான் எல்லாம். நான் வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன்.

எனக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது. கீழ் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வண்டி நிறுத்துவதில் ஆரம்பித்த தகராறு. அதன்பிறகு மூன்று வருடம் அவர் என் பெயரைச் சொல்லவே இல்லை. "ஏய் நொண்டி" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் படிக்கட்டில் நாலு பேர் ஏறி இறங்கும் நேரம் பார்த்து.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மனுவில் "என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டுகிறார்" என்று எழுதியிருந்தேன். ரைட்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "தகாத வார்த்தைன்னா என்ன வார்த்தை சார்?" எனக்கு வாயே வரவில்லை, பக்கத்தில் மனைவி வேறு நின்றிருந்தாள். "ரொம்ப அசிங்கமான வார்த்தைங்க" என்று மழுப்பினேன். சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை வாங்கிக்கொண்டதற்கான அத்தாட்சி, எஃப்.ஐ.ஆர். அல்ல) கொடுத்தார்கள், இரண்டு பேரையும் கூப்பிட்டு "அக்கம்பக்கத்துல இருக்கீங்க, சமாதானமா போங்க" என்றார்கள். பத்து நாள் அமைதி. பதினொன்றாம் நாள் மறுபடியும் "ஏய் நொண்டி".

அப்புறம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கெல்லாம் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. அந்த அம்மா என் மனுவின் நகலைப் படித்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அந்த ஒரு வார்த்தைதான் சார் உங்க கேஸே. அதை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க."

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 92ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொதுப் பார்வையில் உள்ள இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு மாற்றுத்திறனாளியை அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. எனக்கு அதுவரை இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. ரைட்டருக்கும் அது தோன்ற வழியில்லை, என் மனுவில் காலும் இல்லை, அந்த வார்த்தையும் இல்லை.

வெறும் கெட்ட வார்த்தைக்கு வருவோம். பழைய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 294(பி)தான், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 296(பி). பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எஃப்.ஐ.ஆரில் அடிக்கடி பார்க்கும் பிரிவு, ஆனால் கோர்ட்டில் நிற்பது கஷ்டம். திட்டினார், அவமானப்படுத்தினார் என்பது மட்டும் ஆபாசம் ஆகிவிடாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. சண்டைக்கு இழுக்கும் நோக்கத்தோடு அவமதிப்பது 352 (பழைய 504), மிரட்டுவது 351 (பழைய 506). இவற்றுக்கு இரண்டு வருடம் வரை தண்டனை, கொன்றுவிடுவேன் என்பது போன்ற மிரட்டல் என்றால் ஏழு வருடம் வரை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் 352 மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக் குற்றம். ஸ்டேஷனில் பதிவு செய்துகொண்டு "கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். எதிராளியிடம் காசு வாங்கிவிட்டார்கள் என்று உடனே நினைக்க வேண்டாம், சட்டமே அப்படித்தான்.

அதனால் என்ன வார்த்தை என்பதோடு யாரை, எங்கே, யார் கேட்கச் சொன்னார் என்பதையும் பாருங்கள். நீங்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். முன்ஜாமீன் கிடையாது, டி.எஸ்.பி. அந்தஸ்தில் உள்ளவர் விசாரிக்க வேண்டும். ஆனால் அங்கேயும் பொதுப் பார்வை என்ற நிபந்தனை உண்டு. வெளியாள் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் சொன்னது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் பேச்சு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 79, பாலியல் வாடையுள்ள பேச்சு என்றால் அதிலேயே 75. திருநர்களை வார்த்தையால் துன்புறுத்துவதற்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

திட்டுவது புருஷனோ மாமியாரோ என்றால் வழியே வேறு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பட்டப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும், குழந்தை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவதும் வரையறைக்குள்ளேயே எழுதியிருக்கிறது. "அடிச்சாத்தானே கேஸ்" என்று நினைக்கிற பெண்கள் எத்தனை பேர்! அங்கே நாலு சுவர் ஒரு தடையே இல்லை. பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

அவதூறு வழக்கு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 356. மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டிருக்கவோ படித்திருக்கவோ வேண்டும், போலீசுக்குப் போகாமல் நேரே கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும். அக்கம்பக்கத்துச் சண்டைக்கு அது வேண்டாம் என்பேன்.

சரி, நான் அடுத்து என்ன செய்தேன்? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அப்போது யார் நின்றார்கள் என்று எழுதினேன். போனில் இரண்டு பதிவுகள் எடுத்தேன். பதிவை வெட்டி ஒட்டாதீர்கள், பதிவு செய்த போனையும் விற்றுவிடாதீர்கள். கோர்ட்டில் அதைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் தர வேண்டும்.

இன்னொன்று, இதுதான் கஷ்டம்: பதிலுக்குத் திட்டக் கூடாது. ஒரே ஒரு முறை வாய் விட்டால் போதும், அவரும் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்துவிடுவார். அப்புறம் இரு தரப்பு மீதும் கேஸ் என்று சொல்லி உங்களையும் உட்கார வைப்பார்கள்.

இரண்டாவது மனுவில் அந்த வார்த்தையை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, 92ஆவது பிரிவையும் குறிப்பிட்டேன். அதே ரைட்டர்தான். இந்த முறை எதுவும் கேட்காமல் எஸ்.ஐ.யிடம் எடுத்துப் போனார். வாங்க மறுத்திருந்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடச் சொல்லியிருந்தார் வக்கீலம்மா. அதற்குத் தேவை வரவில்லை. அன்று சாயங்காலமே கீழ் வீட்டுக்காரரை வரவழைத்தார்கள். பிரிவைப் படித்துக் காட்டியதும் இனி அப்படிக் கூப்பிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். நான் எஃப்.ஐ.ஆர். வேண்டாம் என்றேன். மனைவிக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான். அவர் எழுதிக் கொடுத்ததின் நகல் ஒன்றை வாங்கி அந்த நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன், பாக்கிப் பக்கங்கள் இன்னும் காலியாகவே இருக்கின்றன.