எதுகை மோனை கிடைத்துவிட்டது, அப்புறம்?

"ஒரு பாட்டில் எதுகை, மோனைக்கு அடிக்கோடு போட்டுவிடுகிறேன், ஆனால் இது என்ன பா வகை, ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்று எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நீங்கள் நிறுத்தும் இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது. முதலில் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள், பொருளைத் தேடாமல் ஓசைக்காக மட்டும், இரண்டு மூன்று முறை. அப்புறம் அடியில் உள்ள ஒவ்வொரு சீரையும் அசை அசையாக, அதாவது ஓசைத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஓர் எழுத்து தனித்து நின்றால் நேரசை, இரண்டு சேர்ந்தால் நிரையசை. பலரும் தடுமாறுவது இங்கேதான்: குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை, ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், குறில் தனியாக நேர் ஆவது சீரின் கடைசியில் மிஞ்சும்போது மட்டும்.

391ஆம் குறளைப் பார்ப்போம்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

கற்/க நேர் நேர், இந்த அமைப்புக்குத் தேமா என்று பெயர். கச/டறக் நிரை நிரை, கருவிளம். கற்/பவை, கற்/றபின் இரண்டும் கூவிளம். அடுத்த அடியில் நிற்/க தேமா, அதற்/குத் புளிமா, கடைசியில் 'தக' ஒரே நிரை, மலர். இனி ஒவ்வொரு சீரும் அடுத்த சீரோடு சேரும் இடத்தை, அதாவது தளையைப் பாருங்கள். தேமா, புளிமா என மாவில் முடியும் சீருக்குப் பின் நிரை, விளத்தில் முடியும் சீருக்குப் பின் நேர், ஓர் இடத்திலும் தவறவில்லை. இதுதான் இயற்சீர் வெண்டளை. நான்கு சீர், மூன்று சீர் என இரண்டே அடி, ஆகவே குறள் வெண்பா. பல தளைகள் கலந்து, அடிக்கு நான்கு சீராக ஓடி, கடைசிக்கு முந்தைய அடி மட்டும் மூன்று சீராகக் குறைந்தால் நேரிசை ஆசிரியப்பா என்று சந்தேகப்படலாம். எதுகையை மட்டும் வைத்துப் பாவைச் சொல்லவே முடியாது, எல்லாப் பாவிலும் அது வரும்.

சரி, பெயர் வைத்தாயிற்று. எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். முதல் அடியின் நான்கு சீரும் ககரத்தில் தொடங்கும் முற்றுமோனை. கல்வி ஓயாமல் தொடர்வதுபோல ஓசையும் தொடர்கிறது. அடி திரும்பியதும் 'நிற்க'. கற்க, நிற்க என்ற எதுகை இரண்டு கட்டளைகளை எதிரெதிரே நிறுத்துகிறது, படிப்பு ஒரு பக்கம், நடத்தை ஒரு பக்கம். இதை எழுதினால்தான் ஆய்வு, 'எதுகை உள்ளது' என்பது வெறும் கணக்கு.

புதுக்கவிதை வந்தால் தளை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வரி எந்தச் சொல்லில் முறிகிறது, எந்தச் சொல் திரும்ப வருகிறது, திரும்பும்போது பொருள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.