விசா தேதி வேறு, ஐ-94 தேதி வேறு: அமெரிக்கக் குடியேற்றம், கேள்வி பதில்

அமெரிக்காவில் வேலை விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்கள் கேட்டவற்றில் சில இங்கே. இது பொதுவான விளக்கம்தான். கைது, வழக்கு, விசா மறுப்பு என்று ஏதேனும் இருந்தால் என்னை விட்டுவிட்டுக் குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள்.

டாலஸ் வாசகர்: ஐயா, எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கம்பெனி ஆட்குறைப்பில் என்னை நீக்கிவிட்டது. மூன்று மாதச் சம்பளத்தை இழப்பீடாகத் தருகிறார்கள். 60 நாள் அவகாசம் அதற்குப் பிறகுதானே தொடங்கும்?

இல்லை. பலர் ஏமாறும் இடம் இதுதான். 2017 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வேலை முடிந்ததிலிருந்து அதிகபட்சம் 60 நாள் இங்கே தங்கலாம். வேலை எப்போது முடிந்தது என்பதைப் பொதுவாகச் சம்பளம் தரப்பட்ட கடைசி வேலைநாளை வைத்தே முடிவு செய்கிறார்கள். இழப்பீட்டுத் தொகை அந்த நாளைத் தள்ளிவைக்காது. ஐ-94, அதாவது எந்தத் தேதிவரை தங்கலாம் என்று சொல்லும் வருகைப் பதிவு, முன்னதாகவே முடிந்தால் அவகாசமும் அன்றோடு சரி. அதற்குள் புதிய கம்பெனி உங்களுக்காக மனுத் தாக்கல் செய்துவிட வேண்டும். செய்த பிறகு ஒப்புதலுக்காகக் காத்திராமல் அங்கே வேலையில் சேரலாம். வேலை அமையாவிட்டால், கணவரோ மனைவியோ எச்-1பியில் இருந்தால், அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 நிலைக்கு மாற விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் பி-2 பார்வையாளர் நிலைக்கு. பணிநீக்கக் கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் தொலைத்துவிடாதீர்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: விசாவில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஐ-94இல் மட்டும் ஏன் ஆறு மாதம்?

உங்கள் பாஸ்போர்ட் ஆறு மாதத்தில் காலாவதியாகிறதா, பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். விசா, வாசல்வரை வருவதற்கு. உள்ளே தங்கும் நாளைச் சொல்வது ஐ-94. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அந்தத் தேதிக்குள் வெளிநாடு போய்த் திரும்புங்கள் அல்லது நீட்டிப்புக்கு மனுச் செய்யுங்கள். ஒவ்வொரு முறை வந்திறங்கியதும் ஐ-94ஐ இணையத்தில் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அட்லாண்டா வாசகர்: நான் அமெரிக்கக் குடிமகள். அம்மாவுக்குக் கிரீன் கார்டு விண்ணப்பிக்கிறேன். கிராமத்தில் வீட்டில் பிறந்தவர், பிறப்புச் சான்றிதழே இல்லை.

நம் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான் அம்மா. உள்ளூர்ப் பிறப்பு-இறப்புப் பதிவாளரிடம் பதிவு இல்லை என்ற சான்றை முதலில் வாங்குங்கள். அதோடு பள்ளிச் சான்றிதழ், அவர் பிறந்தது தெரிந்த மூத்த உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரங்கள். தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முழுமையானது, சரியானது, இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி கட்டாயமில்லை. ஒரு தாளில் இன்ஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், எல்லா வடிவங்களையும் 'வேறு பெயர்கள்' கட்டத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

சிகாகோ வாசகர்: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்டார்கள், 'ஆம்' என்றேன். பிரச்சினையா?

பெரிய பிரச்சினை ஆகலாம். வாக்காளராகப் பதிவது குடிமக்களுக்கானது. குடிமகன் என்று பொய்யாகக் கூறினால் நாடு கடத்தல்வரை போகும், மன்னிப்பு கிடைப்பதும் அரிது. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது எளிதில் எடுபடாது. வாக்களிக்கவே வேண்டாம். வழக்கறிஞரைப் பார்க்காமல் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்க வேண்டாம்.

சான் ஹோசே வாசகர்: அப்பாவைப் பார்த்துக்கொள்ள எட்டு மாதம் மதுரையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டு போய்விடுமா?

எட்டு மாதத்தில் தானாகப் போய்விடாது. ஆனால் ஆறு மாதம் தாண்டினால் குடியுரிமைக்கான தொடர் வசிப்பு அறுந்ததாகக் கருதப்படும். அறுபடவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். வீட்டு வாடகை, வரி, வேலைத் தாள்கள் உதவும். ஒரு வருடம் தாண்டும் என்று தோன்றினால் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அதை அமெரிக்காவில் இருக்கும்போதே தாக்கல் செய்ய வேண்டும், மதுரையிலிருந்து முடியாது.

இன்னொருவர்: வீடு மாறினேன். தபால் நிலையத்தில் சொல்லிவிட்டேன், போதுமா?

போதாது. குடியேற்றத் துறைக்குத் தனியாக, 10 நாளுக்குள் ஏ.ஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் சொல்ல வேண்டும். இணையத்தில் இலவசம், அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.